ஒன்பது பாட்டில்கள்

செல்கள் செத்துப்போயிருந்தன. மூன்றாவது முறையாக.

கல்சர் அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள். பாட்டிலின் அடியில் ஒட்டிக்கொண்டு, கையைக் காலை நீட்டிச் சுகமாகப் படுத்திருக்க வேண்டிய செல்கள் அத்தனையும் உருண்டையாகச் சுருண்டு மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சாப்பாடாக ஊற்றிய சிவப்புத் திரவம் மட்டும் பளிச்சென்று தெளிவாக இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. கிருமி புகுந்திருந்தால் திரவம் கலங்கி மஞ்சளாகியிருக்கும். இது யாரோ சத்தமில்லாமல் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

யாரோ என்ன யாரோ, என்று நினைத்துக்கொண்டாள். இந்த அறைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். அவள் ஒருத்தி. குட்டி டாக்டர் இன்னொருத்தி.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் அவள் கல்சர் அக்காதான். செல்களை வளர்க்கிற கல்சர் அறையைப் பதினோரு வருஷமாக அவள் பார்த்துக்கொள்வதால் வந்த பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். உயிரியல் படித்தால் உலகமே கூப்பிடும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கூப்பிடத்தான் செய்தது, ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும். பதினோரு ஒப்பந்தம், பதினோரு கையெழுத்து. இந்த வருஷம்தான் முதல் முறையாக ஒரு நிரந்தர வேலை வந்திருந்தது: கல்சர் அறைப் பொறுப்பாளர். மாதக் கடைசியில் முடிவு. அதுவரை செல்கள் உயிரோடு இருந்தால் அந்த வேலை அவளுக்கு. செத்துக்கொண்டே இருந்தால், சாகாத செல்களை வைத்திருக்கிறவளுக்கு.

சாகாத செல்களை வைத்திருந்தவள் குட்டி டாக்டர்.

டாக்டர் பட்டம் வாங்கிய ஈரம் காயாமல் வந்து சேர்ந்தவள் அவள். வந்த முதல் வாரமே குப்பைப் பைகளைத் தராசில் வைத்து நிறுத்தாள். ஒரு வாரத்தில் இந்த ஒரு மாடியிலிருந்து மட்டும் அறுபத்து மூன்று கிலோ பிளாஸ்டிக் போகிறது என்று வராந்தாவில் அட்டை எழுதி ஒட்டினாள். கிழி, ஒரு தடவை பயன்படுத்து, தூக்கிப் போடு என்றே வாழ்ந்த மாடி அது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் பழைய மாதிரி தட்டையான கண்ணாடி பாட்டில், அதைக் கழுவ ஒரு கழுவும் அறை, கழுவ ஒரு ஆள் என்று டைரக்டர் மேடத்திடம் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டாள். நான்கே மாதத்தில் அட்டையில் அறுபத்து மூன்று என்பது இருபத்தொன்று ஆகியிருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அட்டைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாடி பாட்டில் கல்சர் அறைக்குள் வந்து ஆறு வாரம். அக்காவின் செல்கள் சாக ஆரம்பித்தும் ஆறு வாரம்.

குட்டி டாக்டரின் செல்களும் அதே கண்ணாடியில், அதே இன்குபேட்டரில், ஒரு தட்டு கீழேதான் இருந்தன. அவை கொழுகொழுவென்று வளர்ந்தன. அதைவிட வயிற்றெரிச்சல், அந்தச் செல்களே அக்கா கொடுத்தவைதான். நான்கு மாதத்துக்கு முன்னால், "புதுசா வந்திருக்கீங்க, வச்சு ஆரம்பிங்க" என்று உறைய வைத்த குப்பி ஒன்றைப் பெரிய மனதோடு தூக்கிக் கொடுத்திருந்தாள். ஒரே வம்சம். அங்கே வாழ்கிறது, இங்கே சாகிறது.

"அக்கா, இன்னைக்கும் போச்சா?"

குட்டி டாக்டர் கதவருகில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ரப்பர் செருப்பு, சத்தமே வராது.

"ஆமா."

"நான் பாக்கட்டுமா?"

"நீங்க பாத்து என்ன, எழுந்திரிச்சா உக்காரப் போகுது?"

குட்டி டாக்டர் சிரிக்கப் பார்த்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் சேந்து யோசிச்சா கண்டுபிடிச்சுடலாம்க்கா. என் நோட்டு வேணா தரேன், நான் என்ன பண்றேன்னு பாத்துக்கங்க."

தானாக வந்து நோட்டைத் தருகிறாள் என்றால் அதில் ஒன்றும் இருக்காது என்று அக்கா கணக்குப் போட்டாள். "அதெல்லாம் எதுக்கு டாக்டர், நானே பாத்துக்கறேன்."

அவள் போனதும் அக்கா அவளுடைய குப்பைத் தொட்டியைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி என்று உபதேசம் செய்துவிட்டு, தனக்கு மட்டும் ரகசியமாகப் புதுப் பிளாஸ்டிக் எடுக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். கையுறை போட்டுக்கொண்டு அடிவரை கிளறினாள். மூன்று பிளாஸ்டிக் பாட்டில் கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் திருப்பிப் பார்த்தால் மேலே எழுதியிருந்தது அக்காவின் சொந்தக் கையெழுத்து. போன வாரம் பழைய பாட்டில்களை ஒழித்தபோது தன் தொட்டி நிறைந்துவிட்டதென்று அவளே கொண்டுவந்து போட்டது.

சரி, இங்கே இல்லை என்றால் கழுவும் இடத்தில், என்று அவள் மூக்கு அடுத்த பக்கம் திரும்பியது.

கழுவும் அறை கல்சர் அறைக்கு அடுத்த சுவர். அங்கே வேலைக்கு வந்தவரைப் பாட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முன்பு ஒரு ஓட்டலில் தட்டு கழுவியவர். ஓட்டலில் தட்டு கழுவியவரிடம் செல் வளர்க்கும் பாட்டிலைக் கொடுக்கலாமா என்று அக்கா முதல் நாளே நினைத்தாள். வெளியே சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாக வேறொன்று செய்தாள்.

அவர் கழுவி, காகிதத்தில் சுற்றி, ஆவியில் வேகவைத்து அனுப்பும் பாட்டில்களை அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. காலையில் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வருவாள். காகிதத்தைப் பிரிப்பாள். கிருமிகொல்லி சோப்பைத் தாராளமாக ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்ப்பாள். அலசி, மறுபடி சுற்றி, தன் அறையிலிருக்கும் குக்கர் மாதிரியான சின்ன ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பாள். ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அவருக்கு அவமானம், தண்ணீர் வீண் என்று குட்டி டாக்டர் வேறு பிடித்துக்கொள்வாள். நான் இவ்வளவு சுத்தம் பண்ணியும் சாகிறது என்றால், அந்த ஆள் அதில் என்னத்தை விடுகிறார் என்பதுதான் அவளுடைய கேள்வி.

அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், சட்டைப்பையிலிருக்கும் சின்ன நோட்டில் குறிப்பாள். 'குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பாட்டுப் பாடுகிறார். இருபது நிமிடம். ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப.' மறுநாள்: 'இன்றும் அதே பாட்டு. வேலை செய்கிற மாதிரி தெரியவில்லை.'

ஒரு நாள் அவர் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்கக்கா. வெளிய நின்னு கேட்டா சுருதி சரியா விழாது."

"நான் ஒண்ணும் பாட்டு கேக்க வரல."

"தெரியும். நாலு நாளா நோட்டுல எழுதறீங்களே, தப்புத் தப்பா பாடறேனோன்னு பயந்துட்டேன்."

அக்காவுக்குக் காதுமடல் சுட்டது. "எந்த சோப்புண்ணே போடறீங்க?"

"குடுத்த சோப்புதான். நுரையே வராது, ஓட்டல் சோப்பு மாதிரி இல்ல. ஏங்கக்கா?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?" என்று அவர் சிரித்தார். என்ன தைரியம் இருந்தால் சிரிப்பு வரும் என்று அக்கா அதையும் எழுதி வைத்தாள்.

வீட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் மாலையில் அவளுக்கு முன்னால் வந்து சமையலை முடித்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். அவள் வந்ததும் அதையெல்லாம் எடுத்து மறுபடியும் ஒரு கழுவு கழுவுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"நான் கழுவினதையே கழுவறதுக்கு, நான் எதுக்குக் கழுவணும்?" என்று அவர் கேட்பார்.

"நீங்க கழுவினா பிசுக்கு போகாது."

"நீ கழுவினா பிசுக்கு போகுது, சோப்பு போகறதில்ல. டம்ளர்ல தண்ணி குடிச்சா குளிச்ச மாதிரி இருக்கு."

"கிருமியைக் குடிக்கறதுக்கு சோப்பைக் குடிக்கலாம், பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அவருக்கு அதில் நல்ல பழக்கம்.

அந்த வாரம் டைரக்டர் மேடம் கூப்பிட்டார். மேசையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று வராந்தா அட்டையின் நகல், இன்னொன்று செத்த செல்களின் பட்டியல்.

"இந்த நிலையத்துல எல்லாருமே உங்க செல்லை நம்பித்தான் மருந்து சோதனை பண்றாங்க. இப்ப வேலை நின்னு கிடக்கு. உங்களுக்கு என்ன தோணுது?"

"கழுவறது சரியில்ல மேடம்."

"நிச்சயமா?"

"நிரூபிச்சுக் காட்டறேன்."

"காட்டுங்க. கழுவறது சரியில்லன்னா திரும்பப் பிளாஸ்டிக்குக்கே போயிடலாம். அந்தக் கழுவற ஆளையும் அனுப்பிடலாம். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல வச்சுடுங்க, உங்க வேலை விஷயத்தையும் அதே மீட்டிங்ல முடிச்சுடறேன்."

அக்கா நிரூபிப்பதில் கெட்டிக்காரி. ஒன்பது பாட்டில் எடுத்தாள். மூன்று புதுப் பிளாஸ்டிக். மூன்று, பாட்டுக்காரர் கழுவி அனுப்பிய கண்ணாடி, கட்டுப் பிரிக்காமல் அப்படியே. மூன்று, அவர் கழுவியதை அவள் மறுபடி கழுவிய கண்ணாடி. தன்னுடையது என்று பிறகு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று அந்த மூன்றின் அடியிலும் வைர முனைப் பேனாவால் ஒரு சின்னக் கீறல் போட்டு, அதன் மேலேயே எண் ஒட்டினாள். ஒன்று முதல் ஒன்பது வரை எண்களைக் கலைத்து ஒட்டியதால் எது எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த விவரம் எழுதிய துண்டுக் காகிதத்தை மடித்துத் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். உறைய வைத்திருந்த குப்பிகளில் மிச்சமிருந்தது ஆறு. அதில் இரண்டை உருக்கி ஒன்பதிலும் பிரித்து விட்டாள்.

அதற்கு மேலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். எண்ணிப் பார்க்கும் வேலையைக் குட்டி டாக்டரிடமே கொடுத்தாள். எது எதுவென்று தெரியாமல் எண்ணட்டும். பிறகு தன் வாயாலேயே மறுக்க முடியாது.

முதலில் செத்துப்போகப் போவது பாட்டுக்காரர் பாட்டில். தான் கழுவியது பிழைக்கும். பிளாஸ்டிக் பிழைக்கும். வெள்ளிக்கிழமை அவள் எப்படி எழுந்து நிற்பாள், எந்தப் புடவை கட்டுவாள் என்பது வரைக்கும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை குட்டி டாக்டர் ஒன்பது பாட்டிலையும் ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணினாள். அக்கா பக்கத்திலேயே நின்று, அவள் கை எங்கே போகிறது என்று கண் இமைக்காமல் பார்த்தாள். ஆறு பாட்டிலில் செல்கள் தரையோடு தரையாக ஒட்டி நன்றாக இருந்தன. ரெண்டு, அஞ்சு, ஒன்பது மூன்றிலும் சாவு.

"மூணே மூணுதான்க்கா. சுத்தமா போயிடுச்சு" என்று குட்டி டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகலை அங்கேயே டைரக்டருக்கு அனுப்பினாள்.

அக்கா பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாளிட்டுக்கொண்டு பர்சைத் திறந்தாள். துண்டுக் காகிதத்தைப் பிரித்தாள்.

ரெண்டு, அஞ்சு, ஒன்பது: 'நான் கழுவியது.'

குட்டி டாக்டர் ஸ்டிக்கரை மாற்றிவிட்டாள். முதலில் அதுதான் தோன்றியது. எப்போது மாற்றினாள், எப்படி மாற்றினாள் என்று தெரியாது, ஆனால் மாற்றிவிட்டாள். விறுவிறுவென்று அறைக்குத் திரும்பினாள். அங்கே யாருமில்லை. இரண்டாம் எண் பாட்டிலின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அடியில் கீறல் இருந்தது. அஞ்சிலும் இருந்தது. ஒன்பதையும் சுரண்டினாள். அதிலும் இருந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சந்தேகப்பட இந்த அறையில் இப்போது ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

அலமாரியில், நேற்று அவள் கழுவி வைத்த காலி பாட்டில் ஒன்று இருந்தது. சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். கண்ணாடி மின்னியது, அப்பழுக்கில்லை. அதில் கொஞ்சம் சுத்த நீர் ஊற்றி மூடி, குலுக்கினாள். நீரின் மேல் ஓரமாக, மணி கோத்த மாதிரி நுரை வளையம் கட்டியது. பாட்டுக்காரர் அனுப்பிய பாட்டிலிலும் அதேபோல் ஊற்றிக் குலுக்கினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு ஆரம்பித்தது. இன்று நோட்டை எடுக்காமல் காதை மட்டும் கொடுத்தாள். ஒரு தடவை பாடி முடித்தார், தண்ணீரைக் கொட்டும் சத்தம் வந்தது. மறுபடி முதலிலிருந்து பாடினார், கொட்டினார். ஏழு தடவை. ஏழாவது முடிந்ததும் பாட்டு நின்றது, பாட்டிலைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவர் அலசலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். விரலால் எண்ணக் கை ஈரமாக இருக்கும், வாய்தான் சும்மா இருந்திருக்கிறது.

அவள் எத்தனை தடவை அலசினாள்? இரண்டு. பதினோரு வருஷமாகப் பை கிழித்து, பாட்டில் எடுத்து, குப்பையில் போட்டவள். கண்ணாடியை அலச அவளுக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

அன்று மாலை வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இந்த ருசி எத்தனை வருஷமா இருக்கு?"

"எந்த ருசி?"

"சோப்பு."

வீட்டுக்காரர் டிவியிலிருந்து திரும்பினார். "கல்யாணப் பந்தியில மட்டும் இல்ல. அன்னைக்கு வேற ஆள் கழுவினாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டம்ளரை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் டிவியை நிறுத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. காகிதம் என்கிட்டதான் இருக்கு. எண்ணெல்லாம் மேடம்கிட்ட போயாச்சு. ரெண்டு, அஞ்சு, ஒன்பதுக்கு நேரா 'கழுவும் அறை'ன்னு வேற காகிதத்துல எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. வேலை எனக்கு."

"அந்தப் பாட்டுக்காரர்?"

அவள் மேசையில் உட்கார்ந்து அதே அளவு ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, அதே பேனாவை எடுத்து, மாற்றி எழுதினாள். எழுதிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆறு வாரமாக யாரோ எதையோ கலக்கிறார்கள், பொய் எழுதுகிறார்கள் என்று ராத்திரி பகலாகத் தேடிய அந்த ஆளின் கையெழுத்து இப்போது அவள் கண்ணெதிரே இருந்தது. அச்சு அசல் அவள் கையெழுத்து.

இரண்டு காகிதத்தையும் பர்சில் வைத்துக்கொண்டுதான் வெள்ளிக்கிழமை போனாள்.

மீட்டிங் அறையில் டைரக்டர் மேடம், குட்டி டாக்டர், இன்னும் நாலைந்து பேர். பாட்டுக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கதவோரம், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார். எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும் போலிருந்தது. இன்று சிரிக்கவில்லை.

"ரெண்டு, அஞ்சு, ஒன்பது செத்திருக்கு" என்றார் மேடம். "அது எதுன்னு சொல்லுங்க."

அக்கா பர்சுக்குள் விரலை விட்டாள். இரண்டும் ஒரே மாதிரி மடிப்பு. விரலுக்கு எது எதுவென்று தெரியவில்லை. வெளியே எடுத்து, மேசைக்கடியில் பிரித்துப் பார்த்து, ஒன்றை நாலாகக் கிழித்து மறுபடி பர்சுக்குள்ளேயே போட்டாள். மற்றதைக் குட்டி டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே படிங்க டாக்டர்."

குட்டி டாக்டர் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, இதுல..."

"சரியாத்தான் இருக்கு. அவர் கழுவினதுல ஒரு குறையும் இல்ல. நான் அதைத் திரும்பக் கழுவினேன், ஆறு வாரமா. யாருக்கும் சொல்லல. சோப்பு போகல." பாட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நான்தான் கொன்னிருக்கேன்."

கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எத்தன தடவக்கா அலசினீங்க?"

"ரெண்டு."

"ஐயையோ" என்றார் பாட்டுக்காரர், வீட்டில் சாவு கேட்ட மாதிரி.

கண்ணாடி தொடரும், கழுவும் அறையும் தொடரும் என்று முடிவானது. பொறுப்பாளர் வேலையை இப்போதைக்கு யாருக்கும் தருவதாக இல்லை என்றார் மேடம். அக்காவுக்கு இன்னும் ஆறு மாத ஒப்பந்தம், அதன் பிறகு பார்க்கலாம். அதைச் சொல்லும்போது மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் முறையாகப் பன்னிரண்டு மாதம்கூட இல்லை.

மதியம் குட்டி டாக்டர் கல்சர் அறைக்கு வந்தாள். கையில் ஒரு கண்ணாடி பாட்டில், உள்ளே சிவப்புத் திரவம்.

"இது உங்களோடதுதான்க்கா. நாலு மாசம் முன்னாடி நீங்க குடுத்தது. இதுலேருந்து திரும்ப ஆரம்பிச்சுக்கங்க."

"ஏன் தரீங்க?"

"ஏன்னா என்ன அர்த்தம்? உங்க செல்லு."

அக்கா பாட்டிலை வாங்கினாள். அவள் போகும்வரை காத்திருந்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். செல்கள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. லேபிளைப் படித்தாள், தேதியைப் படித்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தில் நுரை இருக்கிறதா என்றும் பார்த்தாள். இல்லை. இன்குபேட்டரில் தன் தட்டில் வைத்துக் கதவை மூடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. நாளைக்கு அவளுக்கு வரப்போகிற பாட்டில்கள். வேலை செய்துகொண்டே எண்ணினாள். நாலு. அஞ்சு. ஆறாவது முடிந்து தண்ணீர் கொட்டியது. அதோடு பாட்டு நின்றுவிட்டது.

அக்கா கையிலிருந்ததை மேசையில் வைத்தாள். காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கதவுவரை போய்விட்டாள்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய தும்மல். பிறகு, ஏழாவது.